காற்றுத் தாங்கியில் மட்டும் சமாளிப்பு வேண்டாம்: வீட்டு வேலைத்தளத்தில் பெரிய கொம்பிரசர் பொருத்த நினைப்பவர்களுக்கு

பரந்தனுக்கு அண்மையில் இருக்கும் அண்ணாவின் வளவில் கடந்த வருடம் ஒரு கொம்பிரசர் வந்து இறங்கியது. அண்ணா என்றால் என் பெரியம்மாவின் மகன். 2009 இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். ஜெய்ப்பூர் காலோடு வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறார், ரியூப் ஒட்டுகிறார். இருந்த சின்னக் கொம்பிரசர் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் காணும். ரக்ரர் ரயர் வேலையும் ஸ்பிறே பெயின்ற் வேலையும் எடுத்தால்தான் பிள்ளைகளின் ரியூசன் காசுக்குத் தட்டுப்பாடு வராது என்று பெரிது தேடினார். பழைய இரும்புக் கடை ஒன்றில் 3 குதிரைவலு மோட்டாரும் 300 லீற்றர் தாங்கியும் கொண்ட ஒன்று கிடைத்தது.

“பாத்தியே தங்கச்சி, மாட்டுக்கண்டு மாதிரிக் கிடக்கு” என்று தட்டிக் காட்டினார். புதுப் பெயின்ற் மினுங்கியது. தாங்கியின் வயிற்றுப் பக்கம் குனிந்து பார்த்தபோது, பெயின்றுக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு வெல்டிங் ஒட்டு தெரிந்தது.

சமாளிப்பது நமக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். கிடைத்ததை ஒட்டியும் கட்டியும் பாவிக்கும் அந்தப் பழக்கம்தான் பலரை உயிரோடு வைத்திருந்தது. ஆனால் கொம்பிரசரில் ஒரேயொரு பாகம் இருக்கிறது, அதில் சமாளிப்பு செல்லாது. ஊடகக் கற்கை படித்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. வயதான மெக்கானிக் ஒருவரிடமும் மின்னிணைப்பாளர் ஒருவரிடமும் கேட்டும், தேடி வாசித்தும் அறிந்துகொண்டவற்றை, இதே முயற்சியில் இருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

பலர் தாங்கியின் பருமனைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். தாங்கி காற்றைச் சேமிக்கும், உற்பத்தி செய்யாது. காற்றைத் தருவது பம்பும் மோட்டாரும். 3 குதிரைவலு என்பது ஏறக்குறைய 2.2 கிலோவாற். அப்படியான இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 250 லீற்றர் காற்றைத் தாங்கிக்குள் தள்ளும். 300 லீற்றர் தாங்கியை 8 பார் அமுக்கத்துக்கு, அதாவது 116 பி.எஸ்.ஐ.க்கு, நிரப்ப 2,400 லீற்றர் காற்று வேண்டும். வெறும் தாங்கியிலிருந்து தொடங்கினால் பத்து நிமிடமளவில் எடுக்கும்.

ரயருக்குக் காற்றடிக்க இது தாராளம். நட்டுக் கழற்றும் அரை அங்குலக் காற்றுத் துப்பாக்கி நிமிடத்துக்கு 120 முதல் 150 லீற்றர் வரை குடிக்கும். அதுவும் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும் என்பதால் பிரச்சினை இல்லை. ஸ்பிறே துப்பாக்கிதான் பசிகூடியது. பெரிய துப்பாக்கி நிமிடத்துக்கு 250 முதல் 400 லீற்றர் வரை தொடர்ச்சியாகக் கேட்கும். ஆகவே முழு வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கும் எண்ணம் இருந்தால் 5 குதிரைவலுவை யோசிக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் தாங்கியும் மட்காட்டும்தான் என்றால் 3 போதும். வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய எண்ணை நம்பாமல், வெளியே வரும் காற்றின் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டுக்கும் இடையில் நல்ல வித்தியாசம் இருக்கும்.

தாங்கிக்குள் இருப்பது என்ன?

8 பாரில் நிரம்பிய 300 லீற்றர் தாங்கி ஒரே கணத்தில் கிழிந்தால் வெளிப்படும் சக்தியைக் கணக்குப் பார்த்தால், அது சுமார் 60 முதல் 80 கிராம் டி.என்.டி. வெடிமருந்தின் சக்திக்குக் கிட்ட வருகிறது. காலைப் பறிக்கும் சின்ன மிதிவெடிகளில் இருக்கும் மருந்து பெரும்பாலும் சில பத்துக் கிராம்தான். இதை அண்ணாவிடம் சொல்வதா என்று தயங்கினேன். பிறகு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மோட்டாரும் பம்பும் பழசாய் இருக்கலாம். தாங்கி இருக்கேலாது எண்டுறாய்” என்றார். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அண்ணா சொன்ன இந்த வசனத்தை வையுங்கள்.

தாங்கி உள்ளிருந்துதான் கெடுகிறது. காற்றோடு வரும் ஈரம் அடியில் தண்ணீராகத் தேங்கி, இரும்பைக் கரைத்து மெலிதாக்கும். வெளியே பெயின்ற் மினுங்கும்போதே உள்ளே தகடு பாதியாகியிருக்கலாம். மெலிந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் ஓட்டை அடைபடும், சுற்றியுள்ள தகடு மெலிந்தபடியே இருக்கும். வெல்டிங் சூடும் அதன் பலத்தை மாற்றிவிடும். பழைய சமையல் எரிவாயு சிலிண்டரைத் தாங்கியாக மாற்றுவதும் இதே காரணத்தால் பிழை. அது ஈரக் காற்றுக்காகச் செய்யப்பட்டதல்ல. அடியில் தண்ணீர் திறந்துவிட வழியும் இல்லை.

நமது நாட்டில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றுத் தாங்கிகளைப் பற்றியும் பேசுகிறது. வீட்டுக் கொட்டகை அந்தச் சட்டத்துக்குள் வருகிறதோ இல்லையோ, அது கேட்பவை நல்ல அளவுகோல்: பாதுகாப்பான உச்ச அமுக்கம் தாங்கியில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும், பாதுகாப்பு வால்வும் வேலை செய்யும் அமுக்க மீற்றரும் இருக்க வேண்டும், அடித்தண்ணீரை வெளியேற்ற வழி இருக்க வேண்டும். தாங்கியில் பொருத்திய தகட்டில் இந்த அமுக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். தகடு இல்லாத தாங்கியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

தண்ணீர்ச் சோதனை

பழைய தாங்கியைச் சோதிக்கும் வழி தண்ணீர்தான். காற்றால் சோதிக்கக் கூடாது. தாங்கியை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி ஏதும் இல்லாதபடி செய்து, கைப்பம்பால் அமுக்கத்தை ஏற்ற வேண்டும். வேலை அமுக்கத்தின் ஒன்றரை மடங்கு வரை ஏற்றுவது வழமை. 8 பார் தாங்கிக்கு 12 பார். தண்ணீர் காற்றைப்போல் சுருங்காது. அதனால் தாங்கி கிழிந்தாலும் தண்ணீர் சீறி வழிந்து அமுக்கம் உடனே இறங்கிவிடும். இதை அனுபவமுள்ளவர் செய்ய வேண்டும். தாங்கியின் இரு முனைகளுக்கும் நேரே எவரும் நிற்கக் கூடாது.

அண்ணாவின் தாங்கியை மெக்கானிக் ஐயா சோதித்தார். 8 பார் வரை ஒன்றும் தெரியவில்லை. 10 பாரில் ஒட்டின் ஓரமாக வியர்வைபோலத் தண்ணீர் கசிந்தது. “தம்பி, இதுக்குமேல ஏத்தத் தேவையில்லை” என்று பம்பை விட்டுவிட்டு எழுந்தார். இரண்டு மாத உழைப்பில் வாங்கிய தாங்கி அன்றோடு முடிந்தது. மோட்டாரும் பம்பும் நன்றாக இருந்தன. அவற்றைப் பொருத்தத் தகடுள்ள புதுத் தாங்கி வாங்க, கடன் எடுக்காமல் காசு சேர்க்க, மேலும் ஆறு கிழமைகள் போயின.

மின்சாரம்

வீடுகளுக்கு வழமையாகக் கிடைப்பது 230 வோல்ற்று, 30 அம்பியர், சிங்கிள் பேஸ் இணைப்பு. 3 குதிரைவலு மோட்டார் ஓடும்போது சுமார் 15 அம்பியர் எடுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். சாதாரண 13 அம்பியர் பிளக்கில் இதைக் கொழுவ முடியாது. பிரதான பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். மோட்டார் தொடங்கும் இழுவையைத் தாங்கக்கூடிய சி வகைப் பிரேக்கர் பொருத்தமானது. 30 மில்லி அம்பியர் றிப் சுவிட்சும் சரியான எர்த் கம்பியும் கட்டாயம். ஈரத் தரையில் நின்று வேலை செய்யும் இடம் அது.

கொட்டகை வீட்டிலிருந்து தள்ளியிருந்தால் வயரின் தடிப்பு முக்கியம். 40 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டால், ஓடும்போது 11 வோல்ற்றளவு குறையும். ஆனால் தொடங்கும் கணத்தில் 80 அம்பியர் இழுத்தால் 58 வோல்ற்று வரை விழும். மோட்டாருக்குத் தொடங்கும் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அது உறுமிக்கொண்டு நிற்கும், சூடேறும், சுருள் எரியும். அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் இழப்பு 23 வோல்ற்றோடு நிற்கும். எரிந்த மோட்டாரைத் திரும்பச் சுற்றும் செலவை நினைத்தால் தடித்த வயர் மலிவு.

5 குதிரைவலுவுக்கு மேலென்றால் திறீ பேஸ் இணைப்புக்கு மின்சார சபையில் விண்ணப்பிப்பது நல்லது. வருமானத்துக்காக நடத்தும் வேலைத்தளத்துக்கு வீட்டுக் கட்டணப் பிரிவு பொருந்தாது என்பதையும் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். திறீ பேஸ் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றினால் சரியாகும். சில்லு சுற்றும்போது காற்று பம்பின் தலையை நோக்கி வீச வேண்டும்.

இடம், உடல், சத்தம்

சமமான கொங்கிறீற் தளத்தில், ரப்பர் கட்டைகளின்மேல் வையுங்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கட்டும். காற்றோட்டம் இல்லாவிட்டால் பம்பு சூடேறும். காற்று உறிஞ்சும் வாய் பெயின்ற் தூசுக்கும் ஜெனறேற்றர் புகைக்கும் தூரமாக இருக்க வேண்டும். பெல்ற்றுக்குக் கம்பிவலை மூடி இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். சாரமும் துப்பட்டாவும் பிள்ளைகளின் விரலும் போய் மாட்டும் இடம் அது.

நம் வேலைத்தளங்களில் உழைப்பவர்களில் பலர் காலோ கையோ கண்ணோ இழந்தவர்கள். ஆனால் தண்ணீர் திறக்கும் வால்வு எப்போதும் தாங்கியின் அடியில், நிலத்தோடுதான் இருக்கும். ஜெய்ப்பூர் காலோடு தினமும் குந்தி அதைத் திறப்பது கஷ்டம். கஷ்டமான வேலை நாளடைவில் செய்யப்படாமல் போகும். அண்ணா அந்த வாயிலிருந்து ஒரு சிறு செப்புக் குழாயைச் சுவரோரமாக எடுத்து, இடுப்பு உயரத்தில் வால்வைப் பொருத்தி, முனையைக் கொட்டகைக்கு வெளியே விட்டார். தாங்கியின் அமுக்கமே தண்ணீரை மேலே தள்ளிவிடும். சுவிட்சும் இடுப்பு உயரத்தில்தான். காற்றுக் குழாய் கால் தடக்காதபடி மேலிருந்து தொங்குகிறது.

பிறகு சத்தம். பெரிய கொம்பிரசரின் அருகே உரத்துக் கத்தினால்தான் பேச்சுக் கேட்கும். செல்லடியில் செவிப்பறை பாதித்தவர்கள் கட்டாயம் காதுக்கவசம் போட வேண்டும். தகரக் கொட்டகை சத்தத்தைப் பெருக்கும். ஆனால் ஓடும் இரைச்சலைவிடத் திடீரென வரும் சத்தம்தான் நம் ஊர்களில் பெரிய விஷயம். மோட்டார் நிற்கும்போது ஒரு சீறல், பாதுகாப்பு வால்வு திறந்தால் ஒரு அலறல். அண்ணாவின் பக்கத்து வளவு அம்மா, முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது அடுப்படியில் அப்படியே நிலத்தோடு படுத்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணா உறிஞ்சும் வாய்க்கும் சீறும் வாய்க்கும் சத்தம் குறைக்கும் மூடிகள் பொருத்தினார். கொம்பிரசரை வேலிப் பக்கமிருந்து மறுபக்கம் நகர்த்தினார். இரவு ஏழு மணிக்குப் பின் ஓட்டுவதில்லை.

குழாயும் ஈரமும்

வீட்டுத் தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாயைக் காற்றுக்குப் பாவிக்காதீர்கள். காற்றமுக்கத்தில் அது கிழிவதில்லை, கண்ணாடிபோல் சிதறும். ஜி.ஐ. அல்லது செப்புக் குழாய், அல்லது அமுக்க அளவு பொறித்த ரப்பர் குழாய் போடுங்கள். பிரதான குழாயைத் தாங்கியிலிருந்து விலக விலகச் சிறிது சரிவாக அமையுங்கள். 10 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் போதும். கிளைகளை அதன் மேற்பக்கத்திலிருந்து எடுத்தால் தண்ணீர் ஸ்பிறே துப்பாக்கிக்குள் வராது.

நமது காலநிலையில் எவ்வளவு ஈரம் சேரும்? 30 பாகையில் 80 வீத ஈரப்பதன் உள்ள நாளில் இந்த அளவுக் கொம்பிரசர் ஒரு மணித்தியாலம் முழுக்க ஓடினால் கால் லீற்றருக்கு மேல் தண்ணீர் சேரலாம். ஆகவே தினமும் வேலை முடிந்ததும் திறந்துவிடுங்கள். பம்புக்கு அதற்கென உள்ள கொம்பிரசர் ஒயிலையே ஊற்றுங்கள், எஞ்சின் ஒயில் வேண்டாம். மாதம் ஒருமுறை பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்து அது திறக்கிறதா என்று பாருங்கள். அந்த வால்வைக் கட்டிவைப்பதோ, ஒழுகுகிறதென்று அடைப்பதோ கூடாது. காற்றுக் குழாயை உடம்பில் பிடித்து விளையாட எவரையும் விடாதீர்கள். தோல் காயத்தினூடாகக் காற்று இரத்தத்தில் கலந்தால் உயிர் போகலாம்.

பழைய தாங்கி

புதுத் தாங்கி பொருத்தி முதன்முதலாக ஓட்டிய நாளில், வால்வை இழுத்துப் பார்க்க முன்னர் அண்ணா வேலியடிக்குப் போனார். “அம்மா, இப்ப ஒரு சத்தம் கேக்கும். கொம்பிரசர்தான். பயப்பிடாதேங்கோ.” அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு வேலியடியிலேயே நின்றார்.

கசிந்த தாங்கி ஒரு மூலையில் கிடந்தது. பெயின்ற் பூசி அதே இரும்புக் கடைக்குத் திருப்பிக் கொடுத்திருந்தால் போட்ட காசில் பாதியாவது வந்திருக்கும். கேட்டும் வந்தார்கள். “வித்தால் இன்னொரு பெடியன்தானே வாங்குவான்” என்றார் அண்ணா. அடைப்புகளைக் கழற்றி, உள்ளே கழுவி, கிறைண்டரால் நீளவாக்கில் இரண்டாக வெட்டினார். உள்ளே துரு பாளம் பாளமாக உரிந்தது. ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி விரலால் அழுத்தியபோது தகடு நெளிந்தது.

நல்ல பாதி இப்போது மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி.