திரவப் படிகமும் நம் பிள்ளைகளும்

1888இல் பிராகு நகரத் தாவரவியலார் ரைனிட்சர், கேரட்டிலிருந்து பிரித்த கொலஸ்டிராலைக் கொண்டு ஆக்கிய பொருளொன்று 145.5 பாகையில் உருகிக் கலங்கி நிற்பதையும், 178.5 பாகையில்தான் தெளிவதையும் கண்டார். நீர்போல் ஓடிப் படிகம்போல் அணிவகுக்கும் அவ்விடைநிலையே திரவப் படிகம். ஆறாண்டுகள் கழித்து, 1894இல், இன்றைய பெசன்ட் நகர்ப் பகுதியில் அமெரிக்கரான ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். ஐரோப்பியர் ஆய்வுக்கூடத்தில் நின்ற காலத்தில் நம் முன்னோர் அரிச்சுவடிக்கே காத்து நின்றனர்!

கோல்வடிவ மூலக்கூறுகளே இங்ஙனம் அணிவகுக்கும் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1977இல் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்துச் சந்திரசேகர் குழுவினர், தட்டுவடிவ மூலக்கூறுகளும் நாணய அடுக்குப்போல் நிற்பதைக் காட்டினர். அவர் பின்னர் நிறுவிய மையம் இன்று நானோ ஆய்வும் செய்கிறது. நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அத்தகு நுண்துகள் சிறிது சேர்ந்தால், சில திரவப் படிகங்கள் குறைந்த மின்னழுத்தத்திலேயே திசை திரும்புகின்றன. திரைகளுக்கு இது பெரும்பயன்.

இத்துறையில் முனைவர் பட்டம் பெறப் பல்லாண்டு உழைப்பு வேண்டும். அதுவரை வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே? ஆதிதிராவிட, பழங்குடி ஆய்வு மாணவர்க்கென மத்திய அரசு 2005-06இல் தனி உதவித்தொகை தொடங்கியது. இன்று ஆதிதிராவிட மாணவர்க்கு அதற்கு வாயில் நெட் தேர்வு. முதுகலையில் சேர்ந்த நாளிலேயே அதற்குப் படிக்கத் தொடங்குக.