கடைசியில் தொட வேண்டிய திருகாணி

ஒரு மோட்டார் யந்திரத்தின் குணதோஷங்களை உள்ளபடி அறிய விரும்புகிறவர்கள், அது மலையேறும்போதோ நெடுஞ்சாலையில் விரையும்போதோ அதைப் பரிசோதிப்பதைவிட, வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுபட்டிருக்க, யந்திரம் தன்னைத்தானே தாங்கிக்கொண்டு மெல்ல ஓடுகிறதே, பட்டறைக்காரர்கள் ‘ஐட்லிங்’ என்று சொல்லும் அந்த நிலையில் அதற்குக் காது கொடுப்பதே உத்தமம். வேகத்தில் ஓடும் யந்திரம் தன் சிறு குறைகளைப் பலத்தால் மறைத்துவிடும். நிமிஷத்துக்கு 800 அல்லது 900 சுற்றுக்களே சுற்றும் நேரத்திலோ, உட்செல்லும் காற்றும் பெட்ரோலும் மிகச் சொற்பமாதலால், ஒரு மயிரிழை வெடிப்பின் வழியே நுழையும் காற்றுகூட அதைத் தடுமாற வைத்துவிடும். அந்தத் தடுமாற்றமும் எப்போதும் இராமல், ஒருநாள் தோன்றி மறுநாள் மறைவதானால், அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது ஒரு தனி வித்தையாகவே ஆகிவிடுகிறது.

இந்த வித்தை வளர்ந்த சரித்திரத்தை ஒரே வண்டியில் வைத்துப் பார்க்கலாம். ஹாலந்து தேசத்து மோட்டார் வியாபாரியான பென் பான், 1947 ஏப்ரல் 23-ஆம் தேதி தம் குறிப்புப் புத்தகத்தில் பெட்டி போன்ற ஒரு வண்டியின் உருவத்தைக் கிறுக்கி வைத்தார். அந்தக் கிறுக்கலே 1950 மார்ச்சில் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையிலிருந்து வோல்க்ஸ்வாகன் வேனாக வெளிவந்தது. 1131 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 25 குதிரைசக்தியும் கொண்டு, காற்றாலேயே குளிர்ந்த அதன் சிறு யந்திரம், வண்டியின் பின்புறத்தில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஸோலெக்ஸ் கார்புரேட்டர் ஒன்றைச் சுமந்துகொண்டு இருந்தது.

அந்தக் கார்புரேட்டரில் ஐட்லிங் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகாணி உண்டு. யந்திரம் தணிந்து துவண்டால் அதைச் சற்றே முறுக்கிவிடுவது எளிது. யந்திரமும் உடனே நிமிர்ந்துகொள்ளும். ஆனால் தொழிலை முறையாகக் கற்றவர்கள் அதைக் கடைசியில்தான் தொட்டார்கள். முதலில், யந்திரம் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது வால்வுகளின் இடைவெளியைக் குறித்த அளவுக்குச் சரிசெய்வார்கள். அடுத்து, மின்சாரத்தைத் தொடுத்துத் துண்டிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்டுகளின் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைப்பார்கள். அதன் பின் பொறி விழும் காலத்தை ஒழுங்குபடுத்துவார்கள். எங்கேனும் காற்று இழுக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, இவ்வளவும் செவ்வையான பிறகே கார்புரேட்டரிடம் வருவார்கள். இந்த வரிசை வெறும் சம்பிரதாயமன்று. பாயின்டின் இடைவெளி மாறினால் பொறியின் காலமும் மாறும். காலம் மாறினால் ஐட்லிங்கும் மாறும். ஆகவே மேலே உள்ளதைச் சரிசெய்யாமல் கீழே உள்ளதைச் சரிசெய்வது வீண் சிரமம்.

விட்டுவிட்டு வரும் கோளாறு இந்த வரிசையையும் ஏமாற்றிவிடக் கூடியது. ஈரம் மிகுந்த குளிர்ந்த காலைகளில், பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால், காற்றிலுள்ள நீராவி கார்புரேட்டருக்குள்ளேயே பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிடும். அதைத் தடுப்பதற்காகவே, புகையின் சூட்டைக் கொண்டுவரும் ஒரு சிறு குழாய் உட்காற்றுக் குழாயை ஒட்டி அமைக்கப்பட்டிருந்தது. வருஷக்கணக்கில் கரி படிந்து அது அடைபட்டுப்போனால் பனி உறைவது தப்பாது. வண்டி நாலு மைல் ஓடியதும் யந்திரம் தணிந்து அணையும். ஓரமாக நிறுத்திச் சில நிமிஷம் காத்திருந்தால், மிச்சமிருக்கும் சூட்டில் பனி உருகிவிடும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது நோயின் அடையாளமே இராது. பிற்காலத்துக் கார்புரேட்டர்களில், சாவியை அணைத்தவுடன் ஐட்லிங்குக்குச் செல்லும் பெட்ரோலை நிறுத்த மின்காந்த வால்வு ஒன்று வைக்கப்பட்டது. அதன் ஒற்றைக் கம்பி சற்றுத் தளர்ந்திருந்தால், குலுக்கலுக்கு ஏற்ப யந்திரம் அணைவதும் உயிர்ப்பதுமாக இருக்கும். சாவியைத் திருப்பும்போது அந்த வால்வு ‘டிக்’ என்று சப்திக்கிறதா என்று கேட்பதே அதற்குரிய பரீட்சை.

இவ்விதமான அறிவு வெகுகாலம் பட்டறைகளுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. அமெரிக்காவில் ஜான் மியூர் என்ற பொறியாளர் 1969-ல் வெளியிட்ட வோல்க்ஸ்வாகன் பழுதுபார்க்கும் நூல், யந்திர சாஸ்திரத்தின் வாசனையே அறியாத சாமானியரையும் சித்திரங்களோடு கைபிடித்து அழைத்துச் சென்று, வால்வையும் பாயின்டையும் தாமே சரிசெய்து கொள்ளும் தைரியத்தை அவர்களுக்கு அளித்தது. வித்தையைப் பொதுச்சொத்தாக்கிய அந்தக் காரியத்தை நான் ஒரு பெரிய தர்மமாகவே கருதுகிறேன்.

அந்தக் காலத்திலேயே வேறொரு மாறுதலும் நேர்ந்தது. கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பன்களையும் 1975-க்குள் 90 சதவிகிதம் குறைக்க வேண்டும் என்று அமெரிக்க சர்க்கார் 1970-ல் சட்டம் செய்தது. தெருவில் நின்றபடி ஓடும் யந்திரமும் அவ்விஷங்களை உமிழ்வதால், புதிய கார்புரேட்டர்களில் ஐட்லிங் கலவையிலும் பெட்ரோலைச் சுருக்கினார்கள். வேகத்தைச் சரிசெய்ய, காற்றுக்கென்று பக்கவழி ஒன்றும் தனித் திருகாணி ஒன்றும் வந்தன. பழைய பழக்கத்தில், த்ராட்டில் என்னும் காற்றுவழித் தகட்டை அசைக்கும் முந்தைய திருகாணியையே முறுக்கியவர்கள், அந்தத் தகடு அளவுக்கு மிஞ்சித் திறந்து, மூடியிருக்க வேண்டிய துவாரங்கள் வெளிப்பட்டு, ஒரு கோளாறு இரண்டாக ஆவதைக் கண்டார்கள்.

1975-ல் அமெரிக்காவுக்குச் சென்ற வேன்களில் கார்புரேட்டரே மறைந்து, பாஷ் கம்பெனியின் மின்னணு இன்ஜெக்ஷன் வந்தது. உட்செல்லும் காற்று ஒரு தகட்டைத் தள்ள, அதனோடு சேர்ந்த முள் கரிப்பூச்சின்மேல் நகர்ந்து காற்றின் அளவைத் தெரிவிக்கும். வருஷங்கள் செல்லச்செல்ல அந்தப் பூச்சு தேய்ந்து, முள் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொய்ச் செய்தி போகும். எண்பதுகளில், நீரால் குளிரும் யந்திரத்தோடு வந்த வேன்களில், ஐட்லிங் தணியும்போது பக்கவழியே காற்றைக் கூட்டித் தரும் வால்வு ஒன்றும் அமைந்தது. பண்டைய நாளில் அவசரக்காரர் செய்த அதே காரியத்தை இப்போது யந்திரமே ஓயாமல் செய்யலாயிற்று. குறையும் அதே விதமாக மறைந்து நின்றது. எண்ணெய்ப் புகை படிந்து அந்த வால்வு எப்போதாவது சிக்கிக்கொள்ளும் நாளில்தான், நெடுநாளாக உள்ளிருந்த குறை வெளியே தலைகாட்டும். ஆகையால், அந்தச் சாதனத்தின் உதவியை முதலில் நிறுத்திவைத்து, அதன் துணையின்றி யந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்த பிறகே, குழாய்களையும் கம்பி இணைப்புக்களையும் எர்த்தையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும் என்பது தொழிலறிந்தவர்களின் நியமமாயிற்று.

பிரேஸில் தேசத்தில் ‘கோம்பி’ என்ற பெயரோடு இந்த வேன், காற்றால் குளிரும் யந்திரத்தோடு 2005 வரையிலும், வேறு யந்திரத்தோடு 2013 டிசம்பர் வரையிலும் உற்பத்தியாயிற்று. இன்றும் அந்தப் பழைய வேன்களை ஓட்டுகிறவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். ஐட்லிங் தணிகிறது என்ற முறையீடும் இருக்கிறது. அதைக் கேட்கும் நல்ல மெக்கானிக், வண்டியை இரவு முழுவதும் தம்மிடம் விட்டுப்போகச் சொல்கிறார். விடியற்காலையில், யந்திரம் நன்றாகக் குளிர்ந்து கிடக்கும் வேளையில், சாவியைத் திருப்பி அந்த ‘டிக்’ சப்தத்தைக் கேட்டுவிட்டுக் கிளப்புகிறார். பிறகு வண்டியின் பின்புறம் வந்து, திருப்புளியைக் கையில் எடுக்காமல், வெகுநேரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.