புற்றரையில் எழுந்த வீடு

மரமும் இல்லை; கல்லும் இல்லை; கூப்பிடு தூரத்தில் அயலாரும் இல்லை. அத்தகைய வெளியில் ஒரு குடும்பம் எதனைக் கொண்டு வீடு கட்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நெபிராஸ்காச் சமவெளியிற் குடியேறியோரை எதிர்நோக்கிய வினா இதுவாகும்.

1862ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட சட்டம், 160 ஏக்கர் வரையான அரசாங்க நிலத்தைச் சொற்பக் கட்டணத்துக்கு வழங்க வகைசெய்தது. ஆயின், அந்நிலத்தில் ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிர்செய்தோருக்கே காணியுறுதி கிடைத்தது. எனவே வீடு, வெயிலுக்கும் பனிக்கும் ஒதுங்கும் இடமாக மட்டுமன்றி, உரிமைக்குச் சான்றாகவும் அமைந்தது.

காலடியிற் கிடந்த புற்றரையே அவர்களுக்குக் கைகொடுத்தது. வேர்கள் பின்னிய மண்ணைக் கலப்பையாற் பட்டையாகப் பெயர்த்து, மண்வெட்டியால் வெட்டி, புற்பக்கம் கீழ்நோக்க அடுக்கினர். ஏறக்குறைய இரண்டடி தடித்த சுவர்கள் கோடையிற் குளிர்மையும் மாரியில் வெப்பமும் தந்தன. கூரையோ மழைக்கு ஒழுகிற்று. மழை ஓய்ந்த பின்னும் சேற்றுநீர் உள்ளே சொட்டிற்று.

எனினும், அச்சமவெளி ஆளற்ற நிலமன்று. போனி என்னும் பூர்வகுடியினர் மரச்சட்டங்களின்மேல் மண்மூடிய வட்டவீடுகளை அமைத்து அங்கே நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். 1870களில் அவர்கள் தம் நிலத்தைவிட்டு இன்றைய ஒக்லகோமாவுக்குப் பெயர நேர்ந்தது. ஒரே மண் ஒருசாராருக்கு வீட்டைத் தந்தபொழுது, மற்றொருசாரார் தம் வீட்டை இழந்தனர்.