மலைநாடும் தேசப்பட அறிவும்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பெருவீதியிலே இறம்பொடை அமைந்துள்ளது. 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அருவியும் சரிவெங்கும் விரிந்த தேயிலையும் காண்போர் உள்ளத்தைக் கவர்வன. ஆயினும் மூடுபனி இறங்கிவிட்டால், எதிரே இருப்பது பாதையோ பள்ளமோ என்பது புலப்படாது. அவ்வேளை மலையேறுவோன் தான் நிற்குமிடத்தை எவ்வாறு அறிவான்?

இவ்வறிவைத் தேடித் தந்தோர் நில அளவையாளர்கள். இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆந் திகதி தோற்றுவிக்கப்பட்டது. அளவையாளர் மலையுச்சிகளில் நின்று ஏனைய உச்சிகளை நோக்கிக் கோணங்களை அளந்தனர். நிலத்திலே நுட்பமாக அளந்த ஓர் அடிக்கோட்டைத் துணைக்கொண்டு, முக்கோணம் முக்கோணமாக நாட்டைக் கணித்தனர். இறம்பொடைக்குத் தென்கிழக்கே 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பீதுருதலாகலையே நாட்டின் தேசப்பட ஆள்கூறுகளுக்கு மூலப்புள்ளியாயிற்று. முதலில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலும், பின்னர் 1:50,000 என்ற அளவிலும் இடவிளக்கப் படங்கள் வெளிவந்தன. அவற்றிலே சமவுயரக் கோடுகள் நெருங்கியிருப்பின் செங்குத்து, விலகியிருப்பின் மென்சரிவு. இதனை அறிந்தவன் பாறையைக் கண்ணாற் காணுமுன்னரே அதன் இருப்பை உணர்வான்.

இன்று கைத்தொலைபேசியே இடத்தைக் காட்டிவிடுகின்றது. படம் எதற்கு என்பார் உளர். அவர்களுக்கு இம்மலைநாட்டிலேயே ஒரு விடை உண்டு. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக் கொழும்பை நோக்கி வந்த நெதர்லாந்து விமானமொன்று, இறம்பொடைக்குத் தென்மேற்கே நோர்ட்டன் பிரிட்ஜ் அருகிலுள்ள ஏழு கன்னிமலையில் மோதியது. 191 பேரும் மாண்டனர். விமான நிலையத்தை அணுகிவிட்டதாகத் தவறாகக் கருதிய விமானிகள், உயர்ந்த மலைகளின் மேலேயே தாழப் பறந்துவிட்டனர். விமானத்திலிருந்த டொப்ளர், ராடார் கருவிகளை அவர்கள் நம்பியிருந்தமையும், அக்கருவிகள் தவறான பொருள்கோடலுக்கு இடமளித்தமையுமே இதற்குக் காரணம் என இலங்கை விசாரணையாளர் கருதினர்.

டொப்ளர் கருவிக்கும் இன்றைய செய்மதி வழிகாட்டிக்கும் வேறுபாடு பெரிது. எனினும் ஒடுங்கிய பள்ளத்தாக்கிலே பாறைகளில் எதிரொலித்து வரும் சமிக்ஞை செய்மதி வழிகாட்டியையும் பிழைபடுத்தலாம். மின்கலம் வற்றினால் அதன் திரையும் அணைந்துவிடும். ஆதலின் இறம்பொடை மலைகளில் ஏறுவோர் படத்தையும் திசையறி கருவியையும் உடன்கொள்வது நன்று. வலப்புறத்தே ஓடை இருத்தல் வேண்டுமெனப் படம் கூறின், ஓடையின் ஒலி அப்பக்கத்தே கேட்கின்றதா எனச் செவிசாய்த்தல் வேண்டும். கேளாவிடின் அடுத்த அடியை வையாது நின்று, படத்தை மீண்டும் நோக்குதலே அறிவுடைமை.