ஃபீட் டேங்க் வால்வும் பாஸ்ச்சுரைசர் வால்வும்

பால் பதப்படுத்தும் ஆலையில் நீராவியை அளந்து விடும் வால்வுகள் இரண்டு விதம். பாய்லர் அறையில், பாய்லருக்கு நீர் தரும் ஃபீட் டேங்குக்குப் போகும் நீராவிக் குழாயில் இருப்பதற்கு மின்சாரமும் வேண்டாம், காற்றழுத்தமும் வேண்டாம். மெல்லிய செப்புக் குழாய் ஒன்று அதன் தலையிலிருந்து கிளம்பித் தொட்டித் தண்ணீருக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். பாலைச் சூடாக்கும் பாஸ்ச்சுரைசரின் வால்வுக்கோ சென்சார், கன்ட்ரோலர், கம்ப்ரஸர் என்று ஒரு பரிவாரமே வேண்டும். வேலை ஒன்றுதான்: சூடு குறைந்தால் நீராவியைக் கூட்டு, ஏறினால் குறை. எது நவீனமானது என்று பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று டிகிரி தவறினால் அந்த இடத்தில் என்ன கெடும் என்று பார்த்து வாங்குவதே சரி என்பது என் கட்சி.

முதல் வால்வின் உயிர், செப்புக் குழாயின் நுனியிலுள்ள பல்புக்குள் அடைத்த திரவத்தில் இருக்கிறது. தொட்டித் தண்ணீர் சூடேறினால் அந்தத் திரவம் விரியும். அதை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால் விரிந்த அளவு குழாய் வழியே வந்து வால்வின் தலையிலுள்ள பெல்லோஸைத் தள்ளும். தண்டு இறங்கி நீராவி வழியை அடைக்கும். ஆறினால் திரவம் சுருங்கும், ஸ்பிரிங் தண்டைத் தூக்கும். அளப்பதும் தள்ளுவதும் ஒரே திரவம். அதற்கான சக்தி அளக்கப்படும் தண்ணீரின் சூட்டிலிருந்தே வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரான கொர்னேலியஸ் டிரெபெல் முட்டை பொரிக்கும் பெட்டிக்கு ஏறக்குறைய இதே வழியைக் கையாண்டார்: ஆல்கஹால் விரிந்து பாதரசத்தைத் தள்ள, அது அடுப்பின் காற்றுவழியை அடைத்தது. இத்தனை காலம் தாங்கிய யோசனையிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் இதற்குப் பிறவிக் குறை ஒன்று இருக்கிறது. வால்வு எவ்வளவு திறக்கும் என்பது பல்பின் சூட்டோடு கட்டப்பட்டுவிட்டது. 90 டிகிரியில் முழுதும் மூடி, 82இல் முழுதும் திறக்கும் வால்வு என்று வைத்துக்கொள்வோம். பாதித் திறப்பு வேண்டுமானால் தண்ணீர் 86இல்தான் நின்றாக வேண்டும். குளிர்ந்த நீர் கூடுதலாக வந்து, முக்கால் திறப்பு தேவைப்பட்டால் 84க்கு இறங்கி அங்கேயே நிற்கும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் 90க்கு ஏறாது. இது பழுதல்ல, சட்டம்.

பாஸ்ச்சுரைசரில் அளப்பது ஒன்று, முடிவெடுப்பது ஒன்று, தள்ளுவது வேறொன்று. பிளாட்டினக் கம்பிச் சென்சாரின் மின்தடை 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். கன்ட்ரோலர் அதைப் படித்து 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை சிக்னல் அனுப்ப, அது காற்றழுத்தமாக மாறி டயஃப்ரத்தை அழுத்தி வால்வை அசைக்கிறது. பிழை எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரமாக நீடிக்கிறது என்பதையும் கன்ட்ரோலர் கணக்கில் சேர்க்கிறது. பிழை தீரும்வரை வால்வை நகர்த்திக்கொண்டே இருப்பதால், முதல் வால்வால் முடியாததை இது செய்கிறது: எந்தத் திறப்பிலும் அதே வெப்பம்.

பாலுக்கு அது வேண்டும். 72 டிகிரியில் 15 விநாடி நின்றாக வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் திசைதிருப்பும் வால்வு பாலை மறுபடி தொடக்கத் தொட்டிக்கே அனுப்பிவிடும். குறையை ஈடுகட்ட மேலே வைத்து ஓட்டினால் காய்ச்சிய வாடை ஏறும். மேலும், பிளேட்டுகளுக்கிடையே இருக்கும் பால் மிகக் கொஞ்சம், மாற்றம் விநாடிகளில் நடக்கும். கனமான பல்புக்குள் சூடு புகுவதற்குள் பால் கடந்து போயிருக்கும். வெப்பத்தைப் பதிவு செய்து வைக்கவும் வேண்டும், அது முதல் வால்வுக்குத் தெரியாது.

ஃபீட் டேங்கின் கதை வேறு. அதைச் சூடாக்குவதற்கு ஒரு முக்கியக் காரணம், பாய்லர் குழாய்களை அரிக்கும் ஆக்சிஜனைத் தண்ணீரிலிருந்து வெளியேற்றுவது. 30 டிகிரியில் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் கரைந்திருக்கும். 80 டிகிரியில் அது 3 மில்லிகிராமுக்குக் கீழே போய்விடும். 84ஆ 86ஆ என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை, மிச்ச ஆக்சிஜனைத் தண்ணீரில் கலக்கும் மருந்து பார்த்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் என்பதால் வெப்பமும் மெதுவாகவே மாறும். இந்த இடத்தில் கன்ட்ரோலரும் கம்ப்ரஸரும் வைப்பது, பழுதாகக்கூடிய பொருள்களை விலை கொடுத்துச் சேர்ப்பது.

ஆயினும் மின்சாரம் வேண்டாதது என்பதால் அது பாதுகாப்பானது என்று நினைப்பது ஆபத்து. பாஸ்ச்சுரைசர் வால்வில் காற்று நின்றால் ஸ்பிரிங் அதை மூடிவிடும், நீராவி நிற்கும். ஃபீட் டேங்கின் வால்விலோ ஸ்பிரிங் திறக்கும் பக்கம் இழுக்கிறது. ஏணி உரசியோ கால் மிதித்தோ செப்புக் குழாய் அறுந்து திரவம் ஒழுகினால் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும். அலாரம் அடிக்காது. தண்ணீர் கொதிநிலைக்குப் போனால், அதைப் பாய்லருக்கு ஏற்றும் பம்பின் வாயிலேயே ஆவிக் குமிழிகள் உண்டாகி, பம்ப் தண்ணீரை இழுக்காமல் போகும். பாய்லருக்குள் நீர்மட்டம் இறங்கும்.

ஆகவே ஃபீட் டேங்கில் தனியாக ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும், ஷிஃப்டுக்கு ஒருமுறை அதைப் பார்த்து எழுத வேண்டும். இதே வகை வால்வை விடுதியிலோ மருத்துவமனையிலோ குளியல் நீருக்கு வைத்தால், அதற்கு முன்னால் தனிப் பல்புள்ள இரண்டாவது வால்வு ஒன்றும் வேண்டும்: சூடு எல்லை தாண்டினாலும் தன் குழாய் அறுந்தாலும் ஸ்பிரிங் விசையால் மூடிக்கொள்ளும் வகை.