இஸ்ஃபஹானிலிருந்து சைதாப்பேட்டை வரை

‘இஸ்ஃபஹான், பாதி உலகம்’ என்பது பாரசீக மக்களிடையே வழங்கும் பழமொழி. ஈரானுக்குச் சென்று மீளும் நம்மவர் எவரும் அம்மொழியை மிகையென்று உரைக்க நாம் கேட்டதில்லை. ஸஃபவீ மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் 1598-ஆம் ஆண்டில் அந்நகரைத் தம் தலைநகராக்கினார். ஏறத்தாழ 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் உடைய ‘நக்ஷே ஜஹான்’ சதுக்கம் அவர் காலத்தில் உருவாயிற்று. அதன் தென்புறத்தே நீல ஓடுகள் ஒளிரும் ஷா பள்ளிவாசல். கீழ்ப்புறத்தே ஷெய்கு லுத்ஃபுல்லாஹ் பள்ளிவாசல். மேற்புறத்தே ஆலி காப்பூ அரண்மனை. வடபுறத்தே கைசரிய்யா கடைவீதியின் வாயில். வணக்கமும் அரசும் வணிகமும் ஒரே முற்றத்தில் முகம் பார்த்து நிற்கும் காட்சி அது.

கடைவீதியுள் நுழைவோர், மரஅச்சால் பூவும் கொடியும் பதித்த ‘கலம்கார்’ துணிகளைக் காண்பர். பிஸ்தாப் பருப்பிட்ட ‘கஸ்’ எனும் இனிப்பைச் சுவைப்பர். ‘பெர்யான்’ என்ற பெயரைக் கேட்டு ஆவலோடு அமரும் தமிழ்நாட்டார் மட்டும் சற்றே திகைப்பர். ஏனெனில், அத்தட்டில் ஒரு பருக்கை சோறும் இராது. கொத்திய ஆட்டிறைச்சியைச் சிறு செப்புச் சட்டியில் வாட்டி, ரொட்டியின் மேல் வைத்துத் தருவதே அவ்வூர்ப் பெர்யான். வறுத்தது, வாட்டியது என்பதே அப்பாரசீகச் சொல்லின் பொருள். சொல் நம் நாட்டுக்கு வந்து, சோற்றோடு கலந்து, நம் திருமண விருந்துகளின் தலைமைப் பண்டமாயிற்று.

இந்தச் சிறு திகைப்பிலேதான் நம் கட்டுரை தொடங்குகிறது. இத்துணைத் தொலைவு சென்று நாம் காணும் பாரசீகம், ஒரு காலத்தில் நம் வாயிற்படிக்கே வந்திருந்தது. வந்த சுவடுகளை நாம் அறிந்திருக்கின்றோமா என்பதே வினா.

இஸ்ஃபஹானின் நடுவே ஓடும் ஆற்றிற்கு ஸாயந்தா ரூத் என்று பெயர். அண்மை ஆண்டுகளில் அது பல மாதங்கள் வறண்டு கிடப்பதும் உண்டு. அதன் குறுக்கே, ஷா அப்பாஸின் தளபதி அல்லாஹ்வர்தி கான் முப்பத்து மூன்று வளைவுகள் கொண்ட பாலம் ஒன்றை எழுப்பினார். ஆற்றின் அக்கரையில் இருப்பது புதிய ஜுல்ஃபா. எல்லைப் போரின்போது ஆரஸ் ஆற்றங்கரையினின்றும் பெயர்த்துக் கொணரப்பட்ட ஆர்மீனியக் கிறிஸ்தவர்களுக்காக 1605-ஆம் ஆண்டளவில் உண்டான குடியிருப்பு அது. அவ்வணிகர் பட்டுப் பொதிகளோடு உலகெங்கும் பரந்தனர்; மதராஸ் பட்டினத்திற்கும் வந்தனர்.

அவ்வாறு வந்தவருள் ஒருவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். புதிய ஜுல்ஃபாவிற் பிறந்து, கடல் வாணிகத்திற் செல்வம் ஈட்டி, மதராஸிலே நிலைகொண்டவர். 1722-இல் ஆப்கானியர் முற்றுகையால் இஸ்ஃபஹான் பட்டினியில் வாடி வீழ்ந்தது. ஜுல்ஃபா பெரும் தண்டத் தொகை கொடுத்து நலிந்தது. அந்தத் துயரம் நிகழ்ந்த நான்காம் ஆண்டில், 1726-இல், உஸ்கான் இங்கே அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் ஒரு பாலம் கட்டினார். ‘மர்மலாங் பாலம்’ என்று ஆங்கிலேயர் அழைத்தது அதுவே. பரங்கிமலை உச்சிக்கு ஏறுவோர்க்குப் படிகளும் அமைத்தார். 1751-இல் அவர் மறைந்தபோது உடல் சென்னை வேப்பேரியில் அடங்கியது; அவர் விருப்பப்படி இதயம் மட்டும் ஜுல்ஃபாவிற்கு அனுப்பப்பட்டது. இரண்டு ஊர்களுக்கும் தம்மைப் பகிர்ந்தளித்த மனிதர் அவர்.

பாலத்தருகே அவர் நாட்டிய கல்லில் மூன்று மொழிகள் உள்ளன. தம் இனத்தார்க்காக ஆர்மீனியம், ஐரோப்பியர்க்காக இலத்தீன், நாட்டை ஆண்ட நவாபின் அதிகாரிகளுக்காகப் பாரசீகம் என்று நாம் கொள்ளலாம். அப்பாலத்தின் மேல் நாள்தோறும் நடந்த உழவரும் நெசவாளரும் பேசிய தமிழ் அதில் இல்லை. பழைய பாலம் மறைந்து, 1966-இல் புதுப்பாலம் எழுந்தது. மறைமலையடிகள் பாலம் என்பது அதன் பெயர். தமிழே இடம்பெறாத கல்லின் அருகில், தனித்தமிழ் தந்தையின் பெயரால் பாலம் நிற்பது காலத்தின் தீர்ப்புப் போலும்!

பாரசீகம் அக்கல்லில் ஏறியது எவ்வாறு? சைதாப்பேட்டை, நெடுங்காலம் செங்கற்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த ஊர். அம்மாவட்டத்தின் கதையே இதற்கு விடை. விசயநகர வழியினரின் ஆட்சி தளர்ந்தபோது, 1640-களில் கோல்கொண்டாவின் படைகள் இப்பகுதியைக் கைப்பற்றின. அப்படையை நடத்திய மீர் ஜும்லா, இஸ்ஃபஹானை அடுத்த அர்தஸ்தானில் எளிய குடும்பத்தில் பிறந்து, வணிகராய் வந்து அமைச்சராய் உயர்ந்தவர். பின்னர் முகலாயரும் ஆற்காட்டு நவாபுகளும் ஆண்டனர். ஆட்சிகள் மாறின, அலுவலகத்தின் மொழி மாறவில்லை. 1763-இல் நவாப் முகம்மது அலி வாலாஜா இந்நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு அளித்தபோதும், அதற்கு வழங்கிய பெயர் ‘ஜாகீர்’ என்னும் பாரசீகச் சொல்லே. தாசில்தார், சிரஸ்தார், தஸ்தாவேஜு, ஜமாபந்தி ஆகியனவெல்லாம் அவ்வழி வந்தவை. இன்றும் செங்கற்பட்டு உழவர் ஒருவர் பட்டா மாற்றத்திற்காக ஜமாபந்திக்கு மனுக் கொடுக்கும்போது, தம்மையறியாமல் பாரசீகம் பேசுகின்றார்.

சைதாப்பேட்டையினின்றும் கடலோரமாகத் தெற்கே சென்றால் கோவளம். நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கவிடம் என மக்கள் நம்பிப் போற்றும் தர்கா அங்குள்ளது. அவ்வூரில் நவாபுகள் எழுப்பிய கோட்டைக்கு ‘சஆதத் பந்தர்’ என்று பெயர். ‘சஆதத்’ அரபி, நற்பேறு. ‘பந்தர்’ பாரசீகம்; துறைமுகம். 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறிய அக்கோட்டையை 1752-இல் கிளைவ் வென்றார். பின்னர் அது தகர்க்கப்பட்டது. நற்பேற்றுத் துறைமுகம் என்ற பெயர் கோட்டையைக் காக்கவில்லை. பெயரும் இன்று அவ்வூரார் நாவில் இல்லை.

அடுத்தது மாமல்லபுரம். பல்லவர் என்னும் பெயர் பாரசீகத்துப் பஹ்லவரைக் குறிக்கும் என்று முன்னாள் ஆய்வாளர் சிலர் எழுதினர். ஒலியொப்புமை தவிர வலுவான சான்று இன்மையால் அக்கருத்தை இன்று அறிஞர் ஏற்பதில்லை. இல்லாத உறவைக் கட்டிப் பெருமை கொள்வது வரலாறு ஆகாது. அங்குள்ள கல்லும் கலையும் இம்மண்ணுக்கே உரியவை.

அதனையும் கடந்தால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரரின் இடிந்த கோட்டையும் கல்லறைகளும் கடலை நோக்கி நிற்கின்றன. 1623 முதல் பாரசீகத்தின் பந்தர் அப்பாஸில் பண்டகசாலை நடத்திய அதே டச்சுக் கம்பெனிதான், அந்நூற்றாண்டிலேயே இங்கும் மெல்லிய துணிகளை வாங்கிக் குவித்தது. சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகள் கப்பலேறிப் பாரசீகச் சந்தையை அடைந்தன. எழுதுகோலால் வரைந்த அத்துணிக்குக் ‘கலம்காரி’ என்னும் பெயர் பாரசீகத்தினின்றும் வந்தது. இஸ்ஃபஹான் கடைவீதியில் நம்மவர் வியந்து விலை கேட்கும் துணிக்கு நம் கரைக் கைத்தொழில் அயலானதன்று. இவ்வூரின் பெயர்க் காரணம் எதுவாயினும், ‘சதுரங்கம்’ என்னும் விளையாட்டும் இந்நாட்டினின்றும் பாரசீகம் சென்று ‘சத்ரங்’ ஆகி, அரபியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. கொண்டதும் உண்டு, கொடுத்ததும் உண்டு.

நம் இல்லங்களுக்கு வருவோம். தமிழ் முஸ்லிம்கள் நமாஸ் என்பதில்லை, தொழுகை என்கின்றோம். ரோஜா என்பதில்லை, நோன்பு என்கின்றோம். மார்க்கத்தின் தூண்களைத் தாய்மொழியிலேயே பெயரிட்ட சமுதாயம் இது. ஆயினும், அத்தொழுகைக்கு அழைக்கும் ஒலியைப் ‘பாங்கு’ என்கின்றோம். அழைப்பொலியைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது. பெரியார்களின் அடக்கவிடத்தைத் தர்கா என்பதும், மரக்கலத் தலைவரை நாகுதா என்றதும் பாரசீகமே. அரசாணையால் வந்த சொற்கள் அலுவலகத்தில் நின்றன. கடல்வழியாகவும் பெரியார்கள் வழியாகவும் வந்த சொற்களோ வீட்டினுள் நுழைந்தன.

சொற்கள் நம்மிடம் தங்கின. எழுத்தை வாசிக்கும் ஆற்றலோ அகன்றுவிட்டது. இதுவே நம் கவலை. 1823-இல் ஆற்காட்டு நவாப் ஆஸம் ஜாஹ் சென்னையிலிருந்து நாகூர் வரை சென்று மீண்ட பயணத்தை அவருடன் சென்ற குலாம் அப்துல் காதிர் நாஸிர் பாரசீகத்தில் எழுதினார். ‘பஹாரே ஆஸம் ஜாஹி’ என்பது அந்நூல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ். முகம்மது ஹுசைன் நயினார் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார், 1950-இல் வெளிவந்தது. அவர் அவ்வுழைப்பை மேற்கொள்ளாதிருந்தால், நம் ஊர்கள் வழியே நடந்த அப்பயணம் நம்மிற் பெரும்பாலோர்க்கு மூடிய ஏடாகவே இருந்திருக்கும்.

நம் குடும்பங்களின் பழைய பெட்டிகளில் மானியப் பட்டயம், நிலப் பத்திரம், கடிதம் எனப் பாரசீக எழுத்துள்ள தாள்கள் இன்னும் இருக்கக்கூடும். ஓதத் தெரிந்த எழுத்தாகத் தோன்றுவதால், அவற்றை வேதவரிகள் என எண்ணிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மீண்டும் மூடிவைப்போர் உண்டு. மரியாதை நன்றே; ஆயினும் கரையானுக்கு அம்மரியாதை தெரியாது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கின்றது. பாரசீகம் கற்றோரும் முற்றிலும் அற்றுப்போகவில்லை. அத்தாள்களைப் படம் எடுத்து, கற்றாரிடம் காட்டி, பொருளைத் தமிழில் எழுதி வைப்பது ஒரு குடும்பத்தால் இயலாத செயலன்று.

இஸ்ஃபஹானுக்குச் செல்ல வாய்ப்புடையோர் சென்று வரட்டும். முப்பத்து மூன்று வளைவுகளின் கீழ் நின்று வியக்கட்டும். புறப்படுமுன் ஒருமுறை, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, சைதாப்பேட்டைக் கல்லின் கதையை அவர்களுக்குச் சொல்லட்டும். அக்கல்லில் இல்லாத தமிழை எழுதவேண்டியவர்கள் நாமே.