எல்லாரும் மோத விரும்பிய ‘எளிய’ குழு: 1998ல் சிங்கப்பூர்

அரையிறுதியில் சிங்கப்பூரைச் சந்திக்கவேண்டும் என்பதற்காக ஓர் ஆட்டக்காரர் தம் குழுவின் வலைக்குள்ளேயே பந்தை உதைத்தார். 1998ஆம் ஆண்டு வியட்னாமில் நடந்த டைகர் கிண்ணக் காற்பந்துப் போட்டியில் அது நடந்தது. புள்ளிப் பட்டியலில் நம் குழு அப்போது முதலிடத்தில் இருந்தது. ஆனாலும் அதை வலுவான குழுவாக யாரும் கருதவில்லை.

தென்கிழக்காசியக் காற்பந்து விருதுக்கான அந்தப் போட்டி இப்போது ஆசியான் வெற்றியாளர் கிண்ணம் என்று அழைக்கப்படுகிறது. நல்ல புள்ளிகள் பெற்றும் ‘பலவீனமான குழு’ என்று பெயர் வாங்கிய குழுக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிங்கப்பூரர்களுக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டிய கதை அது.

முதலிடம் கிடைத்தது எப்படி?

எட்டுக் குழுக்கள் இரு பிரிவுகளாக விளையாடின. ‘பி’ பிரிவில் சிங்கப்பூர், வியட்னாம், மலேசியா, லாவோஸ் ஆகியவை இருந்தன.

சிங்கப்பூர் மலேசியாவை 2-0 என்றும் லாவோசை 4-1 என்றும் வென்றது. வியட்னாமுடன் கோலின்றிச் சமநிலை கண்டது. வியட்னாமும் லாவோசை அதே 4-1 கணக்கில் வென்றது. ஆனால் மலேசியாவை அதனால் 1-0 என்றுதான் வெல்ல முடிந்தது. இரு குழுக்களுக்கும் தலா 7 புள்ளிகள். மலேசியாவுக்கு எதிராகச் சிங்கப்பூர் கூடுதலாகப் போட்ட அந்த ஒரு கோல்தான் அதனை முதலிடத்தில் நிறுத்தியது.

இதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1996ல், முதல் டைகர் கிண்ணப் போட்டியைச் சிங்கப்பூரே ஏற்று நடத்தியது. சொந்த மண்ணில் விளையாடியும் நம் குழு பிரிவுச் சுற்றைத் தாண்டவில்லை. அந்த நினைவு அப்போது இன்னும் பழையதாகிவிடவில்லை.

தோற்பதற்கு ஒரு போட்டி

‘ஏ’ பிரிவின் கடைசி ஆட்டத்தில் தாய்லாந்தும் இந்தோனீசியாவும் மோதின. ஆகஸ்ட் 31ஆம் தேதி, ஹோ சி மின் நகரில் ஆட்டம் நடந்தது. இரு குழுக்களும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதிபெற்றிருந்தன. ‘பி’ பிரிவின் நிலவரமும் தெரிந்திருந்தது.

வெல்லும் குழு ஹனோய்க்குப் பயணம் செய்து, சொந்த ரசிகர்கள் முன் விளையாடும் வியட்னாமைச் சந்திக்கவேண்டும். தோற்கும் குழு ஹோ சி மின் நகரிலேயே தங்கிச் சிங்கப்பூருடன் விளையாடலாம். இரு குழுக்களுக்கும் இரண்டாவது வழிதான் பிடித்திருந்தது.

ஆட்டம் 2-2 என்றிருந்தபோது, காயத்துக்கான கூடுதல் நேரத்தில், இந்தோனீசியாவின் முர்ஷித் எஃபெண்டி வேண்டுமென்றே சொந்த கோல் அடித்தார். அதைத் தடுக்கத் தாய்லாந்து ஆட்டக்காரர்களே முயன்றனர். இந்தோனீசியா 2-3 என்று தோற்றது. அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா இரு நாடுகளுக்கும் தலா 40,000 அமெரிக்க டாலர் அபராதம் விதித்தது. முர்ஷித்துக்கு அனைத்துலக ஆட்டங்களில் விளையாட வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் சுவையானது. ‘வென்ற’ தாய்லாந்தை அரையிறுதியில் வியட்னாம் 3-0 என்று வீழ்த்தியது. விரும்பியபடியே சிங்கப்பூரைச் சந்தித்த இந்தோனீசியா 1-2 என்று தோற்றது.

சசிகுமாரின் கோல்

இறுதியாட்டம் செப்டம்பர் 5ஆம் தேதி ஹனோயில் நடைபெற்றது. அரங்கு முழுவதும் வியட்னாம் ரசிகர்கள். ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டவர் தற்காப்பு ஆட்டக்காரர் ஆர். சசிகுமார். பார்க்க அழகான கோல் அல்ல அது. பந்து அவரது தோள்பக்கம் பட்டு வலைக்குள் சென்றது. ஆனால் அந்தக் கோல்தான் சிங்கப்பூருக்கு முதல் தென்கிழக்காசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த பேரி விட்பிரெட் அக்குழுவின் பயிற்றுவிப்பாளர்.

தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவர் தேசியச் சீருடையில் அடித்த கோல்களில் ஆக அதிகம் பேசப்பட்ட கோல் என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

பட்டியலில் எதைப் பார்க்கவேண்டும்?

1998ல் சிங்கப்பூர் ஐந்து ஆட்டங்களில் 9 கோல்கள் போட்டது, 2 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்தது. அதாவது, பட்டியல் பொய் சொல்லவில்லை. குழுவின் பழைய பெயரை வைத்து எடைபோட்டவர்கள்தான் தவறினர். எதிரிகள் நம் முன்வரிசையை மட்டும் பார்த்திருக்கலாம். நம் பலம் தற்காப்பில் இருந்தது.

எல்லாப் பட்டியலும் இப்படித் தெளிவாக இருப்பதில்லை. 2012ல் சிங்கப்பூர் மலேசியாவை 3-0 என்று வென்று, இந்தோனீசியாவிடம் 0-1 என்று தோற்று, லாவோசை 4-3 என்று போராடி வென்றது. லாவோசிடம் மூன்று கோல் வாங்கிய குழு கிண்ணத்தை வெல்லும் என்று யார் நினைப்பார்? ஆனால் பிலிப்பீன்சையும் தாய்லாந்தையும் தாண்டி அது நான்காவது முறையாகக் கிண்ணம் வென்றது.

இதற்கு நேர்மாறானது 2024. கம்போடியாவை 2-1, திமோர் லெஸ்தேயை 3-0 என்று வென்ற சிங்கப்பூர், தாய்லாந்துக்கு எதிராக 2-0 என்று முன்னிலை வகித்தும் 2-4 என்று தோற்றது. மலேசியாவுடன் கோலின்றிச் சமநிலை. அதே 7 புள்ளிகளுடன் அரையிறுதிக்குச் சென்றது. தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய ஜாலான் புசார் விளையாட்டரங்கில், டிசம்பர் 26ஆம் தேதி, 90 நிமிடங்கள் வரை வியட்னாமைக் கோலின்றித் தடுத்து வைத்தது. கூடுதல் நேரத்தில் இரு கோல்கள் விழுந்தன. இரண்டாம் ஆட்டத்திலும் 1-3 என்று தோற்று வெளியேறியது.

1998லும் 2024லும் பிரிவுச் சுற்றில் கிடைத்தது அதே 7 புள்ளிகள்தான். ஆனால் 1998ல் மூன்று ஆட்டங்களில் ஒரு கோல் மட்டும் விட்டுக்கொடுத்த குழு, 2024ல் நான்கு ஆட்டங்களில் ஐந்து கோல்களை விட்டுக்கொடுத்தது. வேறுபாடு அந்தக் கட்டத்தில் இருந்தது.

உலக அரங்கிலும் உண்டு

பட்டியல் ஏமாற்றுவது சிறிய நாடுகளுக்கு மட்டும் நேர்வதில்லை. 1982 உலகக் கிண்ணத்தில் இத்தாலி முதல் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் சமநிலை கண்டது. கேமரூனும் அப்படியே. கூடுதலாக ஒரு கோல் போட்டிருந்ததால் இத்தாலி முன்னேறியது, பின்னர் கிண்ணத்தையும் வென்றது. 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் போர்ச்சுகலும் மூன்று சமநிலைகளுடன் பிரிவில் மூன்றாவதாக வந்துதான் வெற்றியாளரானது.

1982ல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் விளையாடிய ஆட்டமும் நினைவுகூரத்தக்கது. ஜெர்மனி 1-0 என்று வென்றால் இரண்டுமே முன்னேறும் நிலை. அதே கணக்கில் ஆட்டம் முடிய, அல்ஜீரியா வெளியேறியது. அதன்பின் ஒரே பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்பட்டு வருகின்றன.

ஆயினும், எதிர்க்குழுவைத் தேர்ந்தெடுப்பதற்காகத் தோற்க நினைக்கும் குழுவை அந்த விதியால் தடுக்கமுடியாது. 1998ல் அதைத் தண்டித்தது ஃபிஃபா மட்டுமல்ல, அவர்கள் எளிது என்று நினைத்த குழுவும்தான்.

அடுத்த முறை நம் குழு அரையிறுதிக்குச் செல்லும்போது, புள்ளிகளோடு நின்றுவிடாமல் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். யாரை வென்றது? எத்தனை கோல் வித்தியாசத்தில்? எத்தனை கோல்களை விட்டுக்கொடுத்தது?